தில்லைத் திருநாட்டில் ஆவும் நீரும்

தில்லைப் பதியிற் போற்றப்பெறும் பத்துத் தீர்த்தங்களுள் ஒன்று திருப்பாற்கடல் என்னும் பெயருடையது. புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதரின் திருமகன் உபமன்னியு, வசிட்ட முனிவரது மனையில் காமதேனுவின் பாலை உண்டு வளர்ந்தவன். தந்தையின் தவக்குடிலுக்குத் திரும்பிய பின்னர், மாவைக் கரைத்த நீரைப் பாலென ஊட்ட, அதனை உண்ண மறுத்து அழுதான். கூத்தப்பெருமான் இரங்கி, அழுத குழந்தைக்குப் பாற்கடலையே அழைத்து அளித்தருளினார் என்பது கோயிற்புராணம் கூறும் வரலாறு. சேந்தனாரும் திருப்பல்லாண்டில் இவ்வருட்செயலைப் பாடிப் பரவினார்.

அத்திருவருளின் நினைவு ஒரு நீர்நிலையின் பெயராக நின்று விளங்குவது எண்ணி மகிழத்தக்கது. பால் என்பது புல்லும் நீரும் ஆவின் வயிற்றிற் கூடிப் பிறப்பது. கறந்த பாலில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கிற்கு மேல் நீரே என்பது இக்காலத்து ஆய்வாளர் அளந்து கண்டது. குடத்திற் கொணர்ந்து இறைவன் திருமுடியில் சொரியும் பாலுக்குப் பின்னே எங்கோ ஒரு குட்டையும், அக்குட்டைக்குப் பின்னே ஒரு மழையும் இருத்தல் வேண்டும். கடலூர், சிதம்பரம் ஆகிய இரு நகர்களையும் சூழ்ந்த நாட்டில் அம்மழையைத் தேக்கி ஆனிரைக்கு ஊட்டிய வரலாறு, திருக்கோயில் வரலாற்றினின்றும் பிரித்தற்கு அரியது.

இந்நாட்டின் இயல்பை முதலிற் காண்போம். தெற்கே கொள்ளிடமும், நடுவே வெள்ளாறும், வடக்கே கெடிலமும் பெண்ணையும் கடலிற் கலக்கின்றன. ஆறுகள் இத்துணை இருந்தும், கீழைக் கடலோரத்தில் இனிய நீர் எளிதிற் கிட்டுவதன்று. தில்லை என்னும் பெயரே, உவர்நீர் தேங்கும் கழிகளில் வளரும் ஒரு மரத்தின் பெயர். அம்மரங்களைப் பிச்சாவரத்துக் கழிகளில் இன்றும் காணலாம். கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற கரையோர ஊர்களில் மணற்பாங்கான நிலத்தடியில் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலம்போல் மிதந்து நிற்கும். மேலாக அள்ளினால் இனிக்கும். ஆழத் தோண்டி மிகுதியாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். உவர்நீரை ஆடுமாடு ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆயினும் உவர் மிகுந்தால் கறவை நீரைக் குறைத்துக் குடிக்கும். பாலும் அவ்வாறே குறையும்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை இந்நாட்டிற் பெய்கிறது. அதிற் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று திங்களில், அதுவும் சில நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2015ஆம் ஆண்டு நவம்பரில் கடலூர் வட்டாரம் வெள்ளத்தில் மிதந்ததை அன்பர்கள் மறந்திரார். தைக்குப் பின்னரோ வானம் வாய் திறப்பதில்லை. மாசி முதல் வைகாசி வரை நான்கு திங்கள், மேய்ச்சல் நிலம் காய்ந்து கிடக்கும் காலத்தில், ஆனிரை உயிர் தாங்குவது முன்னே பிடித்து வைத்த நீரால்தான். ஏரி, குளம், குட்டை, தாங்கல், ஏந்தல் எனப் பல பெயரிட்டு வழங்கிய நீர்நிலைகள் யாவும் அந்நான்கு திங்களை முன்னிட்டு எழுந்தவை எனலாம்.

அவற்றுள் தலையாயது வீராணம். கி.பி. 907 முதல் 955 வரை ஆண்ட முதற் பராந்தக சோழன், வீரநாராயணன் என்னும் தன் சிறப்புப் பெயரால் அமைத்த பேரேரி அது. நாதமுனிகள் தோன்றிய வீரநாராயணபுரமாகிய காட்டுமன்னார்கோயில் அதன் அருகே உள்ளது. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் கரையைக் கண்டோர், இக்கால எந்திரம் ஒன்றுமின்றி இதனை எழுப்பியவர் எத்தகையோர் என வியவாதிரார். தில்லைச் சிற்றம்பலத்திற்குப் பொன் வேய்ந்தான் என்று புகழப்பெறும் மன்னனும் இப்பராந்தகனே. பொன் வேய்ந்த புகழ் ஊரறியும். ஏரி கண்ட புகழோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆயினும் அம்மன்னன் காலத்து ஆட்சியாளர் நீர்நிலையை எத்துணைப் பெரிதாகக் கருதினர் என்பதற்குக் காஞ்சிக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூர்க் கல்வெட்டுகளே சான்று பகரும். 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய அக்கல்வெட்டுகள், குடவோலையால் ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. ஏரியைப் பேணுதற்கென்றே ஏரிப்பட்டி என்னும் மானிய நிலம் விடுவதும், ஓடம் விட்டு ஏரி வண்டலை வாரிக் கரையிற் சேர்ப்பதற்கு அறக்கட்டளை வைப்பதும் அக்காலத்து வழக்கம்.

சோழர் செப்பேடுகளில் நிலத்தை அளந்து எல்லை கூறுமிடத்து, குளமும் கோட்டகமும் எண்ணப்படுவதோடு, கன்று மேயும் பாழ் நிலமும் தவறாது எண்ணப்படுகிறது. நீரும் மேய்ச்சலும் ஊரின் பொதுவுடைமையாக ஒருங்கே வைத்துக் காக்கப்பட்டன.

இனித் திருவிளக்கிற்கு வருவோம். திருக்கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க விரும்பிய அடியவர் பெரும்பாலும் நெய்யை நேரே கொடாமல் கால்நடையைக் கொடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் இக்கணக்குத் தெளிவாக உள்ளது. விளக்கு ஒன்றுக்கு ஆடாயின் 96, பசுவாயின் 48, எருமையாயின் 16. இவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் சொல்லும். ஆடு இறவாது என்பது இதன் பொருளன்று. இறந்தவற்றுக்கும் மூத்தவற்றுக்கும் ஈடாக ஈன்ற குட்டிகளை நிறுத்தி, எண்ணிக்கை குறையாமற் காக்க வேண்டும் என்பதாம். அவ்விடையர்க்குக் கல்வெட்டு வழங்கும் பெயர் மன்றாடி. மன்றுள் ஆடும் பெருமானுக்கும் அதுவே பெயராதல் தில்லை அன்பர்களுக்கு இனிப்பதொன்று.

இக்கணக்கின் அடியில் எழுதப்படாத மற்றொரு கணக்கு மறைந்து கிடக்கிறது. கோடையில் ஒரு நாட்டுப்பசு நாளொன்றுக்கு 40 லிட்டர் அளவு நீர் பருகும் என்று கொள்வோம். 48 பசுக்களுக்கு 1,920 லிட்டர். மழையற்ற 120 நாள்களுக்கு 2,30,400 லிட்டர், அதாவது ஏறத்தாழ 230 கனமீட்டர். இதனை 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் தேக்கினால், வெயிலுக்கு நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் நீர் ஆவியாகிக் குறையுமாதலின், 120 கனமீட்டர் அவ்வாறே போகும். ஆக 350 கனமீட்டர். மண் உறிஞ்சுவதைக் கணக்கிற் சேர்க்காமலே, அக்குளத்தில் தைத் திங்களில் ஓர் ஆள் உயர நீர் நின்றாக வேண்டும். ஒரு சுடர் அணையாது எரிய ஒரு குளம் வற்றாது நிற்க வேண்டும் என்பதே இதன் பொருள். விளக்குக்குப் பசு கொடுத்தவர் பெயர் கல்லில் நின்றது. அப்பசுவுக்கு நீர் வைத்தவர் பெயர் பெரும்பாலும் நில்லாமற் போயிற்று.

சேக்கிழார் பெருமான் அவர்களை மறந்தாரல்லர். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டில், தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறிய திருத்தொண்டர் புராணத்தில் ஆனிரை காத்த அடியார் மூவர் இடம் பெறுகின்றனர். ஆனாய நாயனார் நிரை காத்த திறத்தைச் சொல்லுமிடத்து, கொடுவிலங்கும் நோயும் அணுகாமற் காத்தார், மென்புல் மேய்த்தார் என்பதோடு நிறுத்தாமல், ஆக்கள் விரும்பிய தூய நீரைப் பருகின என்பதையும் சேக்கிழார் கூறுகிறார். சேய்ஞலூரில் மண்ணியாற்றங்கரையில் பசு மேய்த்த விசாரசருமரும், அச்சமின்றி இறங்கிப் பருகத்தக்க நல்ல துறை பார்த்து ஆக்களுக்கு நீரூட்டினார் என்று அப்புராணம் உரைக்கும். குழலோசையையும் மணல் இலிங்கத்தையும் நினைவிற் கொள்ளும் அன்பர்கள் இந்நீர்த்துறையைக் கடந்து சென்றுவிடுவதே வழக்கமாயுள்ளது. மூன்றாமவராகிய திருமூலர், மேய்ப்பன் இறந்தமையால் கதறி நின்ற பசுக்களின் துயரைத் துடைக்கவே அவனுடலிற் புகுந்தார்.

விசாரசருமரே சண்டேசுர நாயனார் ஆனவர். சிவாலயங்களில் இறைவன் திருமுன்பின் வடபால் வீற்றிருந்து, திருக்கோயிற் பொருளுக்கெல்லாம் காவலராய் விளங்குபவர் அவரே. சோழர் காலத்தில் கோயில் நிலத்தை விற்பதும் வாங்குவதும், நிவந்தம் ஏற்பதும் ஆதிசண்டேசுரர் பெயராலேயே நிகழ்ந்தன. பசுவுக்கு நல்ல துறை தேடி நீரூட்டிய கைக்கே இறைவனுடைய கருவூலத் திறவுகோல் அளிக்கப்பட்டது. கொடையாளர் இதனினும் சிறந்த சான்று வேறு தேட வேண்டுவதில்லை.

முப்பத்திரண்டு அறங்களின் நிரலிலும் இக்கருத்தே இழையோடுகிறது. பசுவுக்கு வாயுறை, விலங்கிற்கு உணவு, ஆவுரிஞ்சு தறி, தடம் என்பன அவற்றுட் சில. தறி என்பது மேயப்போன மாடு உடல் தினவு தீர உராய்ந்துகொள்ள நட்ட கல். அக்கல்லை நீர்நிலையின் கரையில் நடுவது வழக்கம். நீருண்ட மாடு கரையேறியதும் உராய்வதற்கு ஏற்ற இடம் அது. ஊர்களில் குளக்கரையில் மழமழவென்று தேய்ந்து நிற்கும் ஒற்றைக் கல்லைக் கண்டு, எல்லைக்கல்லோ நடுகல்லோ என ஐயுறுவோர் உளர். மாட்டின் தோள் தேய்த்த தேய்வு அது.

நீர்நிலையை அமைத்த முறையிலும் மாட்டின் பங்கு தனியே ஒதுக்கப்பட்டிருந்தது. பாசன ஏரியில் மதகின் வாய்மட்டம் ஏரியின் ஆழ்ந்த அடித்தளத்திற்குச் சற்று மேலேயே வைக்கப்படும். வயலுக்கு நீர் பாய்ந்து ஓய்ந்தபின், மதகு வழியே வெளியேற இயலாத நீர் அடியில் எஞ்சி நிற்கும். அதனைப் பாசனத்திற்கு எடுக்க இயலாது. கோடை முழுதும் ஆடுமாடுகளுக்கும் பறவைகளுக்கும் மீனுக்கும் உரியது அந்நீர். ஊரார் பூசலிட்டுப் பங்கிடும் நீரன்று அது. மதகின் மட்டமே பங்கிட்டுத் தந்துவிட்டது.

இவ்வமைப்பின் நுட்பத்திலேயே அதன் கேடும் தோன்றிற்று. வரத்துக்கால் வழியே வரும் வெள்ளம் கொணரும் வண்டல், பெரும்பாலும் ஆழமான இடத்திற் படியும். ஆழமான இடமோ ஆனிரைக்கு ஒதுக்கிய இடம். எனவே தூர் வாராத ஏரியில் வண்டல் முதலில் விழுங்குவது மாட்டின் பங்கை. வயலின் பங்கு அதன்மேல் நெடுங்காலம் குறையாதது போலவே தோன்றும். ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிவதைக் கண்டு ஊர் மகிழும். பங்குனியில் மாடு வெடித்த சேற்றை முகர்ந்து நிற்கும். வண்டல் சேர்வதைப் பிறர் உணர்வதற்குப் பல்லாண்டு முன்னரே மாடு உணர்ந்துவிடுகிறது. அதனாற் சொல்ல இயலவில்லை, அவ்வளவே.

பராந்தகன் காலத்து ஏரி வாரியம் இதனை அறிந்திருந்தது. பிற்காலத்தில் அவ்வாரியங்கள் மறைந்தன. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்து, வடவாற்றின் வழியே வீராணத்திற்கு நீர் வருவது உறுதிப்பட்டது பெரும் நன்மையே. ஆயினும் ஆங்கில அரசின் வருவாய்க் கணக்கில், தீர்வை தரும் ஆயக்கட்டு உடைய ஏரிக்கே மதிப்பு உண்டாயிற்று. மாட்டுக் குட்டைக்கு ஆயக்கட்டு ஏது? ஊரார் கூடித் தூர்வாரும் குடிமராமத்து தளர்ந்தமை கண்டு, 1858இல் சென்னை அரசு அதனைச் சட்டத்தால் கட்டாயமாக்க முயன்றது. அன்பினாலும் ஊர்க்கட்டுப்பாட்டினாலும் நடந்த பணி, சட்டத்தினால் நடந்துவிடவில்லை. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மக்களோடு கால்நடைகளும் கணக்கின்றி மடிந்தன.

அப்பஞ்சத்திற்கு முன்னரே இந்நாட்டில் ஒரு குரல் எழுந்தது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் தோன்றிய இராமலிங்க அடிகள், கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கிய மனுவேந்தன் வரலாற்றை 1854இல் மனுமுறை கண்ட வாசகம் என உரைநடையில் எழுதினார். 1867இல் வடலூரில் தருமச்சாலை கண்டார். பசிப்பிணி நீக்கிய வள்ளல் என்றே உலகம் அவரைப் போற்றும். சீவகாருணிய ஒழுக்கத்தில் உயிர்களுக்கு நேரும் துன்பங்களை அடுக்கும் அடிகள், பசியோடு தாகத்தையும் சேர்த்தே எண்ணியுள்ளார். அவர் இரங்கியது மனித உயிருக்கு மட்டுமன்று என்பது அனைவரும் அறிந்ததே.

பின்னர் ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. விசையை அழுத்தினால் நீர் வரும் காலத்தில் குட்டையை யார் நினைப்பர்? மேய்க்கால் புறம்போக்கும் குறைந்தது. குட்டைக்கு வரும் ஓடைகள் பாதைகளாலும் மனைகளாலும் அறுபட்டன. கரையோரத்திலோ ஆழ்குழாய் உவரை அழைத்து வந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, கடலூர்க் கரையோரச் சிற்றூர்களின் குளங்களிலும் கிணறுகளிலும் கடல்நீர் புகுந்தது. அவ்வுப்பைக் கழுவி வெளியேற்றத் துணை நின்றது பின்வந்த பருவமழையே. வீராணத்து நீர் குழாய் வழியே சென்னை மாநகருக்குச் செல்லத் தொடங்கியதும் அதே 2004ஆம் ஆண்டில்தான். கட்டடந்தோறும் மழைநீரைச் சேமிக்க வேண்டும் என 2003இல் தமிழக அரசு ஆணையிட்டது. 2017இல் குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே ஏரி தூர்வாரும் திட்டம் மீண்டும் தொடங்கியது.

மழைநீர் ஏரியளவிற்குப் பெருகினால்தான் பயன் என்பதன்று. இரண்டு பசு வைத்திருக்கும் சிறு உழவரின் மாட்டுக் கொட்டகையை எடுத்துக்கொள்வோம். 40 சதுரமீட்டர் ஓட்டுக் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 40 லிட்டர் நீர் விழும். ஆண்டு மழை 1,200 மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தெறித்தும் காய்ந்தும் வீணாயிற்று எனக் கழித்தாலும் 38,400 லிட்டர் எஞ்சும். இரண்டு பசுவின் ஓராண்டுக் குடிநீரோ 29,200 லிட்டர். அவை படுத்திருக்கும் கூரையே அவற்றின் ஆண்டுத் தாகத்தைத் தீர்க்கப் போதுமானது. கோடை நான்கு திங்களுக்கு மட்டும் எனில் பத்தாயிரம் லிட்டர்த் தொட்டி ஒன்று அமையும். கீற்றுக் கூரையின் நீர் நிறமேறி வரும். ஓடும் தகடும் ஏற்றவை. பருவத்தின் முதல் மழையைத் தொட்டியில் விடாமல் வெளியே போக்கிவிட வேண்டும். கூரையில் உள்ள தூசும் பறவை எச்சமும் அதனோடு போகும். தொட்டியை மூடி வைத்தால் கொசுவும் பாசியும் அண்டா.

திருக்கோயிற் பசுமடங்களுக்கும் இக்கணக்குப் பொருந்தும். குடமுழுக்கு விழாவில் கோபூசை நிகழாத வேள்விச்சாலை இல்லை. ஆனைந்து இன்றித் தூய்மை செய்யும் சடங்கும் இல்லை. நேர்ந்துகொண்டு பசுவைத் திருக்கோயிலுக்கு அளிக்கும் அன்பர்கள் பலர். அப்பசு நின்று நீருண்ணும் கல்தொட்டிக்கும், அத்தொட்டியை நிரப்பும் குளத்திற்கும் பொருள் அளிப்போர் அத்துணைப் பலரல்லர். பழந்திருக்கோயில்கள் பலவற்றில் பிராகாரத்து மழைநீர் திருக்குளத்தைச் சேருமாறு கல் வாய்க்கால்கள் அமைந்துள்ளன. திருப்பணியின்போது தளத்தை உயர்த்திப் புதிய கல் பாவுகையில் அவ்வாய்க்கால்களின் வாய் அடைபட்டுவிடுவது பல ஊர்களில் நிகழ்வது. ஆகவே தளம் பாவுமுன் அவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று முதிய ஊழியர்களைக் கேட்டறிதல் நன்று.

குட்டையைத் தூர்வாருதற்கு உரிய காலம் பங்குனி, சித்திரை. அடி முழுதும் ஒரே ஆழமாக வாராமல், ஒரு மூலையை மட்டும் மேலும் ஆழமாக்கிவிட்டால், கடைசி நீர் பரந்து காய்ந்து போகாமல் அங்கே ஒடுங்கி நிற்கும். மாடுகளைக் குளத்துள் இறங்கவிடுவதினும், கரையில் தொட்டி வைத்து நீரை அதில் விடுதல் மேலானது; குளத்து நத்தைகளால் பரவும் கல்லீரல் தட்டைப்புழு நோய் அதனாற் குறையும், நீரும் கலங்காது. இறங்கியே பருக வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் மட்டும் சரிவாகக் கல் பரப்பித் துறை செய்து, ஏனைய பக்கங்களில் வேலியிடலாம். வாரிய வண்டலைக் கரையின்மேற் குவித்து விடுவோர் உளர். அடுத்த ஐப்பசியில் பெய்யும் முதல் மழையிலேயே அதிற் பெரும்பகுதி குளத்திற்குத் திரும்பிவிடும். வண்டி பூட்டி அதனை வயலுக்குக் கொண்டு சேர்த்தால், அது அவ்வாண்டுச் சம்பாவுக்கு எருவாகும்.